கண் முகாமா, வேனா? 10,000 வெள்ளியை எங்கே போடலாம்

கோயில் திருவிழாக் கணக்கை முடித்த பிறகு கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கும். இல்லையென்றால் முன்னாள் மாணவர் சங்கம் ஒரு விருந்து வைத்து நிதி திரட்டியிருக்கும். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு கண் முகாம் போடலாமே." யாருக்கும் மறுக்கத் தோன்றாது. மண்டபம் நம்முடையது, பேனர் அடிக்க ஆள் இருக்கிறது, தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. வந்து தொடக்கி வைப்பார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும்.

முகாம் தப்பான காரியம் இல்லை. ஆனால் கண்ணுக்காக ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்க, நோயாளியை மருத்துவமனைக்கு வேனில் கூட்டிப்போய் வருவது போன்ற வேறு சில வழிகளும் உண்டு. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊருக்கு அவற்றில் எது பொருந்தும் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கையில் 10,000 வெள்ளி (ரிங்கிட்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக்கொண்டு எத்தனை பேருக்குப் பார்வை திரும்பும், எத்தனை பேருக்குப் பார்வை போகாமல் நிற்கும் என்பதுதான் கணக்கு. எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பது வேறு கணக்கு.

நம் நாட்டில் பார்வை எதனால் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2014-ல் நடந்த தேசியக் கண் ஆய்வு 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைச் சோதித்தது. அவர்களில் 1.2 விழுக்காட்டினருக்குப் பார்வையே இல்லை. காரணங்களில் கண்புரை 58.6 விழுக்காடு, இனிப்பு நீரால் (நீரிழிவால்) விழித்திரை கெட்டுப்போவது 10.4, கண் அழுத்த நோய் 6.6. மற்றக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், பார்வை போனதற்கான காரணங்களில் 86.3 விழுக்காடு தவிர்த்திருக்கக் கூடியவை என்று அந்த ஆய்வு சொன்னது.

இதில் மனத்தை உறுத்துவது கண்புரைதான். சொட்டு மருந்தால் கரையாது, அறுவைதான் ஒரே வழி. அந்த அறுவையும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, சாதாரண அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி. இவ்வளவு மலிவாக, இவ்வளவு எளிதாகச் சரிசெய்யக் கூடிய ஒன்று ஏன் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்பதும் பாதி தெரிந்துவிடும்.

சரி, முகாமிலிருந்தே தொடங்குவோம். கண் முகாம் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. வசதியுள்ளவரிடம் வாங்கி வசதியில்லாதவருக்கு இலவசமாகப் பார்த்து, உலகமே வந்து கற்றுக்கொள்ளும் இடமாக அது வளர்ந்தது. முகாம் நடத்துவதில் அவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் கிடையாது. ஆனால் முகாம்கள் சென்றுவந்த தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு அவர்களையே யோசிக்க வைத்தது: கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேர் மட்டும்தான். மீதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பயம், செலவு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, வயசானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் என்று காரணங்கள் பல. அதற்குப் பிறகுதான் அரவிந்த் 2004 முதல் ஊருக்குள்ளேயே நிரந்தரமாகத் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களை அமைக்கத் தொடங்கியது. முகாமை விட்டுவிடவில்லை, ஆனால் முகாமை மட்டும் நம்பியும் இருக்கவில்லை.

நம் ஊர் முகாம்களில் இதே கதையைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நடந்து வரக்கூடியவர்கள், மோட்டார் ஓட்டக்கூடியவர்கள். நாற்பது, ஐம்பது வயதில் வெள்ளெழுத்து வந்தவர்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போகிற பாட்டி தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறையில் இருப்பார். மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் செய்தால் அவரை யார் கூட்டி வருவது? தோட்டத்து வரிசை வீடுகளான லயம் இருந்த காலத்தில் முகாம் லயத்துக்கே வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இப்போது லயங்களை இடித்தாகிவிட்டது. எல்பில், டவன்பி, ஹீவுட் என்று தோட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தாறு தாமான்களில் சிதறிக் கிடக்கிறார்கள். தோட்டத்தில் இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முகாம் பேனரில் தமிழும் மலாயும் இருக்கும், அவர்களை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

முகாமில் அறுவை செய்வது பற்றி யாரும் இங்கே பேசுவதில்லை, நல்ல வேளை. 2014 இறுதியில் பஞ்சாபின் குர்தாஸ்பூரில் ஒரு தொண்டு முகாமில் அறுவை செய்துகொண்ட பலர் கிருமித் தொற்றால் இருந்த பார்வையையும் இழந்தார்கள். நம் சுகாதார அமைச்சு அறுவைக்கூடத்தையே பேருந்தில் வைத்து அனுப்பும் திட்டம் வேறு விஷயம், அதில் எல்லாம் மருத்துவமனை ஒழுங்கில் நடக்கும். மண்டபத்தில் நாம் செய்யக்கூடியது பரிசோதனை மட்டும்தான்.

அந்தப் பரிசோதனையையும் யார் நடத்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு அளவு எழுதிக் கொடுக்க, 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற கண்ணாடி நிபுணராக இருக்க வேண்டும். "இலவசப் பரிசோதனை" என்று வந்து, கடைசி மேசையில் முந்நூறு வெள்ளிக் கண்ணாடிக்கு ஆர்டர் எடுக்கிற கூட்டமும் உண்டு. கடைக்காரர் பிழைப்பு அது, குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கோயில் பணத்தில் பந்தல் போட வேண்டுமா?

இரண்டாவது வழி, தனியார் மருத்துவமனையில் நாமே பணம் கட்டி அறுவை செய்து வைப்பது. மனத்துக்கு நிறைவான வழி இது. இன்னாருக்குப் பார்வை வந்தது என்று பெயர் சொல்லிக் காட்டலாம். கணக்குத்தான் இடிக்கும். தனியாரில் ஒரு கண்ணுக்கே சில ஆயிரம் வெள்ளி ஆகும், ஆக 10,000 வெள்ளியில் இரண்டு மூன்று கண்கள். அதே அறுவையை ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையில் மிகக் குறைந்த செலவில் செய்கிறார்கள். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும், வருமானம் குறைந்த குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவராக இருந்தால் பெக்கா பி40 என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தில் இலவச உடல் பரிசோதனையும், கண்ணில் வைக்கும் லென்ஸ் போன்ற மருத்துவக் கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. அரசாங்கம் கொடுக்கத் தயாராக இருக்கும் இடத்தில் நாம் போய்ப் பணம் கொட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். பிறப்புப் பத்திரம் தொலைந்தோ, பதியாமலேயே விட்டோ, இன்று வரை குடியுரிமை ஆவணம் இல்லாமல் இருக்கும் தோட்டத்து மூத்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே பால் வெட்டியவர்கள். மருத்துவமனை முகப்பில் அவர்களிடம் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். 1 வெள்ளி, 5 வெள்ளி என்று மேலே சொன்னதெல்லாம் அவர்களுக்கு இல்லை. பணம் கட்டி அறுவை செய்து வைப்பதென்றால் இவர்களுக்குச் செய்யலாம். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை லாப நோக்கமில்லாமல் நடப்பது, அங்கேயும் விசாரிக்கலாம். மதுரைக்கே அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். விமான டிக்கெட், துணைக்கு ஒருவர், அறுவைக்குப் பிறகு ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் மறுபடி காட்டுவது என்று பார்த்தால் அது சரிப்படாது. கடப்பிதழ் எடுக்க முடியாதவருக்கோ அந்தப் பேச்சே இல்லை.

மூன்றாவது, கண்ணாடி. இதைப் பலர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய கொழுந்து பறிப்பவர்களிடம் நடத்தி 2018-ல் வெளியான ஒரு சோதனை உண்டு. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க எளிய கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடியது. எடைக்குக் கூலி வாங்குபவருக்கு அது சம்பள உயர்வு. நம் ஊரில் தையல் வேலை செய்பவர், தொழிற்சாலையில் சின்னப் பாகம் பொருத்துபவர், மாத்திரை அட்டையில் உள்ளதைப் படிக்க வேண்டியவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடி பசார் மாலாமிலேயே (இரவுச் சந்தையிலேயே) சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. வாங்க முடியாதவர் குறைவு, வாங்கலாம் என்று சொல்லப்படாதவர்தான் அதிகம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடிகளைச் சேர்த்து விநியோகிக்கும் யோசனை மட்டும் வேண்டாம், ஒருவர் கண்ணுக்கு எழுதிய அளவு இன்னொருவருக்கு எப்படிப் பொருந்தும்?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு பார்வையைச் சோதித்துக் கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். பெற்றோர் மேல் தவறில்லை, ஒரு நாள் லீவு எடுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும். கரும்பலகை தெரியாத பிள்ளையை ஆசிரியர் படிப்பில் மந்தம் என்று எழுதிவிடுவார். மகாத்மா காந்தி கலாசாலை போன்ற பெரிய பள்ளியிலாவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நாலு பேர் ஓடியாட இருப்பார்கள். தோட்டத்துச் சிறு பள்ளிகளில் தலைமையாசிரியரே எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். பிள்ளைகளின் பார்வை அளவு வருடத்துக்கு வருடம் மாறும், பிரேமை உடைத்துக்கொண்டும் வருவார்கள். ஆக இது ஒரு முறை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வேலை இல்லை. ஊர்க் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரோடு பேசி, பள்ளிக் கடிதத்தோடு வரும் பிள்ளைக்குக் குறைந்த விலையில் கொடுங்கள், மீதியைச் சங்கம் கட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டால் போதும். 10,000 வெள்ளியில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அப்புறம் இனிப்பு நீர். நம்மவர்கள் அதிகம் பேச வேண்டியது இதைப்பற்றித்தான். 2023-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போது வலி இருக்காது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். மங்கலாகத் தெரிகிறது என்று ஒருவர் வரும்போது பெரும்பாலும் சேதம் நடந்து முடிந்திருக்கும். லேசரும் ஊசி மருந்தும் இருப்பதைக் காப்பாற்றத்தான் பெரிதும் உதவும், போனதை முழுதாக மீட்டுத் தராது. கண்புரை அப்படியில்லை, இரண்டு வருடம் தள்ளிப்போட்டவருக்கும் அறுவைக்குப் பின் பெரும்பாலும் பார்வை வந்துவிடும். ஆகவே புரைக்காரரைத் தேடிப்போவதில் இருக்கும் அவசரத்தைவிட இனிப்பு நீர்க்காரரைத் தேடிப்போவதில் அவசரம் அதிகம். ஆனால் முகாமுக்கு இவர் வரவே மாட்டார். கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்கு வர வேண்டும்?

இதற்கு வேண்டியது வருடம் ஒரு முறை விழித்திரையைப் படம் எடுப்பது. அந்தக் கேமராவை வாங்க நம் பணம் போதாது, வாங்கவும் வேண்டாம். அரசாங்க கிளினிக்குகள் பலவற்றில் அது இருக்கிறது. இனிப்பு நீருக்கு மாத்திரை வாங்கப் போகும்போதே "என் கண்ணைப் படம் எடுத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்கலாம். கேட்கத் தெரியாதவருக்காக நாம் கேட்கலாம். கோயில் பஜனையில் பத்து நிமிடம், தேநீர்க் கடையில் ஒரு சுவரொட்டி, இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி. பணச் செலவு அதிகமில்லை, உழைப்புத்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கண் அழுத்த நோயும் இதே மாதிரி சத்தமில்லாமல் வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகள் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வேன். நான் பணம் போடச் சொல்வது இதில்தான், ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கண்புரை அறுவை என்பது ஒரு நாள் வேலை இல்லை. கிளினிக்கில் கடிதம் வாங்க ஒரு நடை. ஈப்போவில் நிபுணரைப் பார்க்க ஒரு நடை. லென்ஸ் அளவெடுக்கவும் இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நடை. அறுவை நாள், மறுநாள் கட்டுப் பிரிப்பு, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காரில் போகிறவருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், தனியாகப் பேருந்து ஏறித் திரும்ப முடியாது. துணைக்கு ஒருவர் ஒவ்வொரு முறையும் வேண்டும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் மகள் அம்மாவுக்காக அத்தனை நாள் லீவு எடுக்க முடியுமா? அம்மாவும் கேட்க மாட்டார். "எனக்கெதுக்கும்மா ஆப்ரேசன், இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இன்னொரு இடறலும் உண்டு. எல்லா நடையும் நடந்து, அறுவை நாளில் போய்ப் படுத்த பிறகு, சர்க்கரை அளவும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்புக்காகத்தான், மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படித் திரும்பி வந்த தாத்தா மறுபடி போக மாட்டார். முதல் நாள் இரவு யாராவது ஒருவர் போன் போட்டு, "தாத்தா, மாத்திரை போட்டாச்சா? காலையில ஆறரைக்கு வேன் வந்துடும், பழைய மருந்துப் பையையும் எடுத்துக்குங்க" என்று சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்குச் சொட்டு மருந்து போட வேண்டும். தனியாக இருப்பவருக்கு அதையும் யாராவது வந்து போட வேண்டும். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள்: அறுவை இலவசம் என்று சொல்வதோடு நிற்காமல், போக்குவரத்தும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பேர் அறுவைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

வேன் என்றால் புது வேன் வாங்குவது என்று யாரும் பதற வேண்டாம். 10,000 வெள்ளியில் அதெல்லாம் நடக்காது, நடந்தாலும் ரோட் டெக்ஸ், இன்சூரன்ஸ், டயர் என்று கோயில் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிடும். மாதத்தில் சில நாட்கள் வாடகைக்கு எடுத்தால் போதும். பள்ளி வேன் அண்ணன்கள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு சும்மாதானே இருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் மதியம் பிள்ளைகளை ஏற்ற அவர் பள்ளி வாசலில் நிற்க வேண்டும், மருத்துவமனை வரிசையோ எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற, சொந்தக் காருள்ள இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு, பெட்ரோலுக்கும் டோலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பது தோதான வழி. நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் பெர்மிட் கேள்வி வரும்.

இப்படி நடத்தினால் பணம் மெதுவாகத்தான் கரையும். கரைந்த பிறகு என்ன என்று பொருளாளர் கேட்பார். நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டங்களை வாங்கினார்கள். அன்றைய 10 வெள்ளி இன்றைய 10 வெள்ளி இல்லை. ஈப்போ நடைக்கு மாதம் 10 வெள்ளி தர ஐம்பது குடும்பம் சுங்கை சிப்புட்டில் கிடைக்காமலா போகும்?

என்னிடம் கேட்டால் பெரும் பங்கு ஈப்போ நடைக்கு, அடுத்த பங்கு பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடிக்கு, ஆவணமில்லாத ஒருவர் இரண்டு கண்ணும் தெரியாமல் இருந்தால் அவருக்காகக் கொஞ்சம் தனியாக. முகாம் போட்டே ஆக வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தால், போடுங்கள். ஆனால் வருபவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர் சம்மதத்தோடு எழுதிக்கொண்டு, கடிதம் பெற்றவர் மருத்துவமனைக்குப் போனாரா என்று மூன்று மாதம் கழித்துக் கேட்க ஒருவரைப் பொறுப்பாக வைத்துவிட்டுப் போடுங்கள். அந்தப் பொறுப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் முகாம் வேண்டாம்.

தோட்டம் ஊரைவிட்டு வெகு உள்ளே இருந்து, மருத்துவமனை இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தால் என் கணக்கு மாறும். அங்கே பரிசோதனையையே ஊருக்குக் கொண்டுபோவதில் அர்த்தம் இருக்கிறது. லிந்தாங், லாசா பக்கத்து ஒராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்களுக்கும் இது பொருந்தும். நம் ஊர் நிதி அவர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ஈப்போவில் அறுவைத் தேதி மிகத் தள்ளிப்போய், இரண்டு கண்ணும் தெரியாத ஒருவர் அதுவரை காத்திருக்க வேண்டிவந்தால், அப்போதும் தனியாரில் ஒரு கண்ணுக்குக் கட்டிவிடலாம். அதற்கு முன் தைப்பிங் மருத்துவமனையில் தேதி எப்படி என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எப்போது தொடங்குவது என்றால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் வேண்டவே வேண்டாம். பலகாரம் சுட ஆளில்லை, வீடு கழுவ ஆளில்லை என்று ஒரு பாட்டியும் அறுவைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அறுவை முடிந்த கண்ணோடு அடுப்புப் புகையில் நிற்கவும் கூடாது. தைப்பூசம் முடிந்ததும் பட்டியல் எடுக்கத் தொடங்கினால் தோதாக இருக்கும்.